தராசு பிடிக்கும் கை

சென்ற ஆண்டு ஷஃபான் மாதத்தில், எங்கள் பள்ளிவாசல் மத்ரஸாவின் ஆண்டுப் பரீட்சைக்கு நாள் குறிப்பதற்காக நிர்வாகக் கமிட்டியார் கூடியிருந்தனர். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை நம்பி வாழும் எளிய குடும்பங்களின் பிள்ளைகளே பெரும்பாலும் எங்களிடம் ஓத வருகின்றனர். லேத்துப் பட்டறையில் நிற்பவர், ஆட்டோ ஓட்டுபவர், தையற்கடை வைத்திருப்பவர் வீட்டுப் பிள்ளைகள். பகலெல்லாம் பள்ளிக்கூடம், அஸருக்குப் பின் மத்ரஸா. பரீட்சை என்றால் ஒவ்வொரு பிள்ளையையும் முன்னே உட்கார வைத்து ஓதச் சொல்லிக் கேட்பதும், மார்க்க மஸ்அலாக்களில் நான்கைந்து கேள்விகள் கேட்பதும்தான் இதுகாறும் எங்கள் வழக்கம். நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கேட்டு முடிக்க நாலைந்து நாட்கள் பிடிக்கும்.

கமிட்டியில் புதிதாகச் சேர்ந்திருந்த ஓர் இளைஞர், கணினித் துறையில் பணிபுரிபவர், எழுந்து மிகுந்த மரியாதையோடு ஒரு யோசனை சொன்னார். "ஹஜ்ரத், தாங்கள் சிரமப்பட வேண்டாம். ஐம்பது கேள்விகளைத் தாங்களே தாருங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள் போட்டு டேப்லெட்டில் ஏற்றி விடுகிறேன். பிள்ளைகள் தொட்டால் போதும். முடித்த மறு நொடியில் மதிப்பெண் வந்துவிடும்" என்றார்.

எனக்கு உடன்பாடில்லை. உஸ்தாதின் வாயையும் மாணவனின் வாயையும் இணைத்து வந்த சங்கிலியல்லவா நமது கல்வி! அதன் நடுவே கண்ணாடிப் பலகை ஒன்றைச் செருகுவதா என்று தோன்றியது. எனினும் இளைஞரின் ஆர்வத்தை முறிக்க மனம் வராமல், "ஓதுவதை நான் வழக்கம் போல் கேட்டுக் கொள்கிறேன். மஸ்அலாவை மட்டும் உங்கள் பலகையில் வைத்துப் பாருங்கள்" என்றேன். தோற்றுப் போகும் என்று உள்ளூர எண்ணிக்கொண்டுதான் சொன்னேன் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

முடிவு வந்தது. முதலிடத்தில் நின்ற பெயரைப் பார்த்து நான் திகைத்துப் போனேன். மூன்றாண்டுகளாக நான் கடைசி வரிசையில் வைத்திருந்த ஒரு பையனின் பெயர் அது.

அவனுக்குத் திக்குவாய். தனியே ஓதச் சொன்னால் பிஸ்மியின் முதலெழுத்திலேயே உதடு ஒட்டிக்கொள்ளும்; கண்கள் கலங்கும்; முகம் சிவக்கும். ஆனால் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து கூட்டமாக ஓதும்போது அவன் குரலும் தடையின்றி வரும். ஆகவே நான் என்ன நினைத்தேன்? கூட்டத்தில் பிறர் குரலுக்குள் ஒளிந்து கொள்கிறான், தனியே வந்தால் பாடம் தெரியாததைத் திக்கலால் மறைக்கிறான் என்று நினைத்தேன். அவனுடைய அத்தா ஒருமுறை வந்து, "வீட்டில் நன்றாகத்தான் ஓதுகிறான் ஹஜ்ரத்" என்று சொன்னபோது, எல்லாத் தகப்பன்மாரும் சொல்வதுதானே என்று புன்னகைத்து அனுப்பிவிட்டேன். திக்குவாய் உள்ளவர்களுக்குப் பிறரோடு சேர்ந்து சொல்லும்போதும், இசையோடு சொல்லும்போதும் திக்கல் பெரிதும் நீங்கிவிடும் என்பது மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்து வைத்திருக்கும் உண்மையாம். நான் இதைச் சென்ற ஆண்டுதான் அறிந்தேன். நபி மூஸா (அலை) அவர்கள் தம் நாவின் முடிச்சை அவிழ்த்தருளுமாறு இறைஞ்சிய துஆவை வாரந்தோறும் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்து வந்தவன் நான். அந்த துஆவுக்கு உரியவன் ஒருவன் என் முன்னாலேயே மூன்றாண்டுகள் உட்கார்ந்திருந்தான்.

வாயில்லாப் பலகை அவனுடைய வாயைப் பார்க்கவில்லை. அவன் அறிவை மட்டுமே பார்த்தது. மனிதனாகிய நான் செய்யத் தவறிய நீதியை உயிரற்ற ஒரு பொருள் செய்தது. மின்னணுத் தேர்வுமுறையைப் பற்றி எழுதப் புகும் எவரும் இந்த உண்மையை முதலில் ஒப்புக்கொண்டாக வேண்டும். அதனால்தான் எனக்கு வெட்கம் தரும் இச்செய்தியை முதலில் வைத்தேன்.

மனிதன் மனிதனை மதிப்பிடுவதில் உள்ள குறைகளை நாம் அறியாதவர்களல்லர். என் இருபதாம் வயதில் நஹ்வுப் பாடத்தில் வாய்மொழிப் பரீட்சைக்கு உட்கார்ந்தேன். வெளியூரிலிருந்து வந்திருந்த பரீட்சகர் முதலில் கேட்ட கேள்வி, "நீ யாரிடம் ஓதினாய்?" என்பது. என் உஸ்தாதின் பெயரைச் சொன்னேன். அவருக்கும் என் உஸ்தாதுக்கும் ஏதோ ஒரு மஸ்அலாவில் பழைய பிணக்கு இருந்தது என்பது பின்னரே எனக்குத் தெரிய வந்தது. இரண்டு கேள்விகளோடு கிதாபை மூடிவிட்டார். எனக்குக் கிடைத்தது மூன்றாம் தரம். அந்தப் பரீட்சகர் இன்று இல்லை. அல்லாஹ் அவருடைய பிழைகளைப் பொறுப்பானாக. ஆனால் "யாரிடம் ஓதினாய்" என்று கேட்காத ஒரு பரீட்சகரை அன்று நான் எவ்வளவு விரும்பியிருப்பேன்! விடைத்தாளில் பெயரை மறைத்துப் பொய்யெண் இடுவதும், ஒரே தாளை இருவர் திருத்துவதும் இந்த நோய்க்காகக் கண்டுபிடிக்கப்பட்ட மருந்துகளே. காலையில் திருத்தும் முதல் தாளுக்கும், மாலையில் கண் எரியத் திருத்தும் நாற்பதாம் தாளுக்கும் ஒரே கை ஒரே விதமாக மதிப்பெண் இடுவதில்லை என்பதை ஆசிரியர் எவரும் அறிவர். இயந்திரத்துக்கு மாலையும் இல்லை, பசியும் இல்லை, உஸ்தாதின் பெயரும் இல்லை.

இவ்வளவு நன்மையையும் ஒப்புக்கொண்ட பின்னர்தான் எனக்கு வேறொரு நிகழ்ச்சி நினைவுக்கு வந்து என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் பக்தாதுக்கு வந்தபோது அந்நகரத்து ஹதீஸ் கலைஞர்கள் அவர்களைச் சோதித்த வரலாற்றைக் கதீபுல் பக்தாதி தம் வரலாற்று நூலில் பதிந்துள்ளார். நூறு ஹதீஸ்களை எடுத்து, ஒன்றின் அறிவிப்பாளர் வரிசையை இன்னொன்றின் வாசகத்தோடு மாற்றி இணைத்து, பத்துப் பேரிடம் ஆளுக்குப் பத்தாகப் பகிர்ந்தளித்தனர். சபை கூடியது. ஒருவர் எழுந்து தம் பத்தையும் ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் இமாமவர்கள் தாம் அதை அறியவில்லை என்றே சொன்னார்கள். இரண்டாமவர், மூன்றாமவர் என்று பத்துப் பேரும் கேட்டு முடித்தனர். நூறுக்கும் அதே விடை. சபையிலிருந்த பாமரர் இவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று எண்ணினர். அறிந்தவர்களோ, இவர் புரிந்துகொண்டு விட்டார் என்று ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டனர். பின்னர் இமாமவர்கள் முதலாமவர் பக்கம் திரும்பி, அவர் கேட்ட பத்தையும் அவர் கேட்ட தவறான வடிவிலேயே வரிசை பிறழாமல் சொல்லி, அதன்பின் ஒவ்வொன்றின் சரியான வடிவையும் சொன்னார்கள். இப்படியே நூறும் முடிந்தது.

இந்தச் சபையில் நம் இளைஞரின் டேப்லெட் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நூறு கேள்விகள், நூறுக்கும் விடையளிக்கவில்லை, மதிப்பெண் பூச்சியம். பலகை அணைந்து அடுத்த மாணவரை அழைத்திருக்கும். சபையிலிருந்த பாமரரின் தீர்ப்பு எதுவோ அதுவே இயந்திரத்தின் தீர்ப்பாகவும் இருந்திருக்கும். கேள்வியே பிழை என்று சொல்லக்கூடிய மாணவனுக்கு அங்கே இடமில்லை. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் 48 கேள்விகள் கேட்கப்பட்டபோது 32 கேள்விகளுக்குத் தெரியாது என்றே விடையளித்தார்கள் என்றும் ஓர் அறிவிப்பு உண்டு. நம் முன்னோரிடத்தில் 'தெரியாது' என்பது அறிவின் ஒரு பகுதி. சொல்லத் தெரியாதவன் ஃபத்வாவுக்கே தகுதியற்றவன்.

நம் காலத்துத் தேர்வுகளில் இந்தத் 'தெரியாது'க்கு என்ன விலை என்று ஒரு நாள் கணக்கிட்டுப் பார்த்தேன். மருத்துவக் கல்விக்கான நீட் தேர்வில் 180 கேள்விகள், 720 மதிப்பெண்கள். பிள்ளைகள் தாளில் வட்டங்களை நிரப்புகின்றனர். படித்து மதிப்பிடுவது இயந்திரம். ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள். சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறான விடைக்கு ஒன்று கழிக்கப்படும், விட்டுவிட்டால் பூச்சியம். குருட்டாம்போக்கில் விடையளிப்பதைத் தடுப்பதற்காகவே இந்தக் கழித்தல் என்கின்றனர். நல்லது. ஒரு பிள்ளைக்கு 40 கேள்விகளில் அறவே ஒன்றும் தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். நாணயமாக விட்டுவிட்டால் அவளுக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. கண்ணை மூடிக்கொண்டு நாற்பதிலும் கைவைத்தால், சராசரியாகப் பத்து சரியாக விழும். அதற்கு 40 மதிப்பெண். முப்பது தவறும், அதற்கு 30 கழியும். மிச்சம் பத்து இலாபம்! நான்கில் ஒரு விடை நிச்சயமாகத் தவறு என்று தெரிந்தால் இலாபம் இன்னும் கூடும். பயிற்சி மையங்களில் இதை ஒரு கலையாகவே கற்றுக் கொடுக்கின்றனர். தெரியாததைத் தெரியாதென்று விட்ட பிள்ளை, தெரியாததில் கைவைத்த பிள்ளையைவிடப் பின்தங்குகிறாள்.

நமது உஸூல் கலையில் யகீன் என்றும், ழன்னு என்றும், ஷக்கு என்றும் மூன்று படிகள் பேசப்படுகின்றன. உறுதியான அறிவு, மேலோங்கிய எண்ணம், இரண்டும் சமமாக நிற்கும் ஐயம். ஒரே விடையை மூன்று பிள்ளைகள் தொடுகின்றனர். ஒருத்தி அறிந்து தொட்டாள். ஒருத்தி அநேகமாக இதுதான் என்று தொட்டாள். ஒருத்தி விரல் போன போக்கில் தொட்டாள். இயந்திரத்துக்கு மூவரும் ஒருவரே. அறிவின்றித் தீர்ப்பளித்த காழி, அத்தீர்ப்பு தற்செயலாகச் சரியாக அமைந்துவிட்டாலும் குற்றவாளியே என்று நம் ஃபுகஹாக்கள் விதித்திருப்பது ஏன் என்பதை இந்த இடத்தில்தான் நான் சரியாக விளங்கிக்கொண்டேன். அறிவு என்பது விடையில் மட்டும் இருப்பதன்று; விடைக்குப் போய்ச் சேர்ந்த வழியிலும் இருக்கிறது. அந்த வழியைக் கேட்க, "எப்படிச் சொன்னாய்?" என்ற ஒரு கேள்வி போதும். அதைக் கேட்பதற்கு எதிரே ஓர் ஆள் வேண்டும்.

கட்டுரை எழுதும் பரீட்சையிலும் மழுப்புகிறவர்கள் உண்டல்லவா என்று என் நண்பர் ஒருவர் மடக்கினார். உண்டு. பத்துப் பக்கம் மழுப்பியவனை ஓர் ஆசிரியர் கண்டுபிடிக்கலாம், கண்டுபிடிக்காமலும் போகலாம். அந்த 'கண்டுபிடிக்கலாம்' என்பதைத்தான் நான் இழக்க விரும்பவில்லை.

எங்கள் மத்ரஸாப் பரீட்சைக்கே மீண்டும் வருகிறேன். பையன் முதலிடம் வந்த அதே நாளில், பத்து வயதுச் சிறுமி ஒருத்தி அழுதுகொண்டு வந்தாள். "உளூவின் ஃபர்ளுகள் எத்தனை?" என்ற கேள்விக்கு அவள் ஆறு என்று தொட்டிருந்தாள், பலகை அதைத் தவறென்று சிவப்பில் காட்டிவிட்டது. எங்கள் ஜமாஅத்தில் பெரும்பாலோர் ஹனஃபிகள். எனவே நான்கு என்பதே சரியான விடையாக ஏற்றப்பட்டிருந்தது. அந்தச் சிறுமியின் குடும்பமோ பிழைப்புக்காகத் தென் கடற்கரையிலிருந்து வந்து குடியேறிய ஷாஃபிஈ குடும்பம். அவள் உம்மா சொல்லிக் கொடுத்தது ஆறு. அது முற்றிலும் சரி. நான் நேரில் கேட்டிருந்தால், "நீ எந்த மத்ஹபு அம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். ஷாஃபிஈ வீட்டுப் பிள்ளைகள் அனைவருக்கும் அன்று ஒரே அடியாக ஒரு மதிப்பெண் போயிற்று. இதில் பலகையின் குற்றம் ஒன்றுமில்லை. விடை எழுதிக் கொடுத்தவன் நான். அவசரத்தில் எழுதினேன்.

இது ஒரு சிறு மத்ரஸாவில் நடந்தது. இதுவே நாடளாவிய அளவில் நடந்ததை 2024ஆம் ஆண்டு நாம் கண்டோம். அவ்வாண்டு நீட் தேர்வில் இயற்பியலில் அணுவைப் பற்றிய ஒரு கேள்வி. பாடநூலின் பழைய பதிப்பில் இருந்த ஒரு வாக்கியம் புதிய பதிப்பில் மாறியிருந்தது. பழைய நூலைப் படித்தவர் ஒரு விடையையும், புதிய நூலைப் படித்தவர் வேறொரு விடையையும் தேர்ந்தெடுத்தனர். தேர்வை நடத்திய தேசியத் தேர்வு முகமை இரண்டுக்கும் மதிப்பெண் வழங்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. நீதிமன்றம் தில்லி ஐ.ஐ.டி.யின் மூன்று வல்லுநர்களிடம் கருத்துக் கேட்க, ஒரு விடையே சரி என்று அவர்கள் கூறினர். ஜூலை மாதத்தில் முடிவுகள் மாற்றி வெளியிடப்பட்டன. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கிடைத்திருந்த நான்கு மதிப்பெண் போயிற்று. தவறுக்குரிய ஒன்றும் கழிந்தது. முழு மதிப்பெண் பெற்று முதலிடத்தில் நின்றவர்களில் 44 பேர் கீழிறங்கி, எஞ்சியோர் 17 பேராயினர். ஐந்து மதிப்பெண் என்பது அந்தத் தரவரிசையில் பல ஆயிரம் இடங்கள்.

மனிதப் பரீட்சகனின் பிழை அவன் கையில் உள்ள கட்டோடு நின்றுவிடும். இயந்திரத்தின் வழியே செல்லும் பிழை எல்லோர் மேலும் சமமாகப் பெய்யும். சமம் வேறு, அத்ல் எனப்படும் நீதி வேறு என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பிழை கண்டுபிடிக்கப்பட்டவுடன் இலட்சக்கணக்கான தாள்களை ஒரே மூச்சில் திருத்திவிடவும் இயந்திரத்தால்தான் முடிந்தது. என் இருபதாம் வயது மூன்றாம் தரம் இன்றுவரை திருத்தப்படவில்லை!

இனி, கேமராவைப் பற்றி. மூன்றாண்டுகளுக்கு முன் என் தங்கை மகள் வேலைக்காக ஒரு நிறுவனத்தின் தேர்வை வீட்டிலிருந்தே கணினியில் எழுதினாள். ஆவடியில் சின்னஞ்சிறு வீடு. கூடத்தின் மூலையில் ஒரு மேசை. திரையின் மேலிருந்த கேமரா அவளையே பார்த்துக் கொண்டிருந்தது. பாதித் தேர்வில், சந்தேகத்துக்குரிய நடத்தை என்று ஓர் அறிவிப்புத் தோன்றித் தேர்வு மூடிக்கொண்டது. நடந்தது இவ்வளவுதான். அந்தப் பெண் ஐந்து வயது முதல் என்னிடம் ஓதியவள். யோசிக்கும்போது உதடுகள் அசையும். உடம்பு முன்னும் பின்னும் மெல்ல ஆடும். மத்ரஸாவில் ஓதிய எவருக்கும் உள்ள வழக்கம் இது. நான் இதை எழுதும்போதே ஆடிக்கொண்டுதான் இருக்கிறேன். இயந்திரம் அதைப் பார்த்து, யாருடனோ பேசுகிறாள், எதையோ எட்டிப் பார்க்கிறாள் என்று கொண்டுவிட்டது. "மாமா, நான் யாரிடம் போய்ச் சொல்வது?" என்று அவள் கேட்டாள். முறையீட்டுக் கடிதம் அனுப்பினோம். கடிதம் கிடைத்தது என்று ஒரு பதில் நொடிப்பொழுதில் வந்தது. அதையும் இயந்திரம்தான் எழுதியிருந்தது.

இது ஒரு வீட்டுத் துயரம் மட்டுமன்று. பெருந்தொற்றுக் காலத்தில், 2021ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அண்ணா பல்கலைக்கழகம் தன் பருவத் தேர்வுகளை இணைய வழியில், கேமராவும் செயற்கை நுண்ணறிவும் கண்காணிக்க நடத்தியது. ஆவடிச் சாலையிலும் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் வரிசையாக நிற்கும் பொறியியற் கல்லூரிகளின் பிள்ளைகள் பலர் அத்தேர்வை எழுதியவர்கள். முடிவுகள் வந்தபோது பெருந்தொகையான மாணவர் தேறவில்லை. முறைகேட்டுச் சந்தேகத்தின் பேரில் பலருடைய முடிவுகள் நிறுத்தி வைக்கப்பட்டன. மின்வெட்டும், இணைப்பு அறுந்ததும், பின்னால் கேட்ட வீட்டார் பேச்சும் தம்மைக் குற்றவாளிகளாக்கின என்று மாணவர் முறையிட்டனர். அவ்வாண்டு மே மாதம் உயர்கல்வி அமைச்சர் பொன்முடி மறுதேர்வு அறிவித்தார். தனியறையும், தடையற்ற மின்சாரமும், வேகமான இணைப்பும் உள்ள வீட்டுப் பிள்ளையின் முகம் கேமராவுக்கு நாணயமான முகமாகத் தெரிகிறது. பக்கத்தில் தம்பி அழ, அடுப்படியில் பாத்திரம் விழ, ஒண்டுக் குடித்தனத்தில் உட்கார்ந்து எழுதும் பிள்ளையின் முகம் சந்தேகத்துக்குரியதாகத் தெரிகிறது. ஏழ்மையும் ஒரு முறைகேடாகிவிட்டது.

ஷரீஅத்தின் நீதிமுறையில் ஆதாரம் காட்ட வேண்டிய பொறுப்பு குற்றம் சாட்டுகிறவன் மேலது. மறுப்பவனிடம் கேட்கப்படுவது சத்தியம் மட்டுமே. கேமரா முன்னிலையிலோ இது தலைகீழ். குற்றம் சாட்டிய இயந்திரம் எந்த அசைவைக் கண்டது, ஏன் அதைக் குற்றமென்று கொண்டது என்று சொல்லக் கடமைப்படவில்லை. பிள்ளைதான் தன் உதடு ஏன் அசைந்தது என்று நிறுவ வேண்டும். காப்பி அடிப்பதைத் தடுக்க வேண்டாமா என்பீர்கள். வேண்டும். தேர்வறையில் கண்காணிக்கும் ஆசிரியரும் சந்தேகப்படத்தான் செய்கிறார். ஆனால் அவர் அருகில் வந்து நிற்கிறார், மேசையைப் பார்க்கிறார், "என்னம்மா?" என்கிறார். பிழையாகச் சந்தேகித்திருந்தால் அவர் முகம் சற்றே சுருங்குகிறது. அந்த முகச் சுருக்கத்துக்கு நான் பெரும் மதிப்பளிக்கிறேன்.

இங்கேதான் இவ்விஷயத்தின் வேர் இருப்பதாக எனக்குப் படுகிறது. மதிப்பிடுதல் ஓர் அமானத். அளவையில் மோசம் செய்வோரைப் பற்றித் திருமறையில் தனியே ஓர் அத்தியாயமே உண்டு. நிறுவை குறைந்தால் தராசைப் பிடித்து உலுக்கிக் கேள்வி கேட்பவர் எவருமில்லை. பிடித்த கையைத்தான் கேட்பார்கள். இயந்திரத் தராசில் அந்தக் கை எங்கே?

2017இல் மும்பைப் பல்கலைக்கழகம் தன் பட்டத் தேர்வு விடைத்தாள்களையெல்லாம் படமெடுத்துக் கணினித் திரையில் திருத்தும் முறையைத் தக்க ஆயத்தமின்றி ஒரே ஆண்டில் புகுத்தியது. திரையில் திருத்தப் பழகாத ஆசிரியர்கள் திணறினர்; தாள்கள் இடம் மாறின; முடிவுகள் மாதக் கணக்கில் தாமதமாயின. மேற்படிப்புக்கு இடம் பெற்றிருந்த மாணவர்கள் மதிப்பெண் பட்டியல் இல்லாமல் தவித்தனர். அக்டோபரில் துணைவேந்தர் பதவி நீக்கம் செய்யப்பட்டார். அங்கே ஒரு கை அகப்பட்டது. ஆனால் பிள்ளைகள் இழந்த இடங்களை அந்தப் பதவி நீக்கம் திருப்பித் தரவில்லை.

இங்கிலாந்தில் நடந்தது இன்னும் விசித்திரம். 2020இல் பெருந்தொற்றினால் தேர்வே நடத்த முடியவில்லை. ஆசிரியர்கள் தங்கள் மாணவருக்குத் தரம் குறித்து அனுப்பினர். தேர்வுகளை மேற்பார்வையிடும் ஆஃப்குவால் என்னும் அமைப்பு அத்தரங்களை ஒரு கணிதச் சூத்திரத்தில் இட்டது. அந்தப் பள்ளி முந்தைய ஆண்டுகளில் எத்தகைய முடிவு பெற்றதோ அதைக் கொண்டு இந்த ஆண்டுப் பிள்ளையின் தரம் சரிக்கட்டப்பட்டது. ஆகஸ்டு 13ஆம் நாள் 'ஏ லெவல்' முடிவு வந்தபோது, ஆசிரியர் குறித்த தரங்களில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது கீழிறக்கப்பட்டிருந்தன. வறிய பகுதிப் பள்ளியில் பிறர் நேற்றுத் தோற்றதற்காக இன்று கெட்டிக்காரப் பிள்ளை தண்டனை பெற்றாள். வகுப்பில் பத்துக்கும் குறைவான பிள்ளைகள் படிக்கும் செல்வர் பள்ளிகளில் சூத்திரம் அவ்வளவாகப் பாயவில்லை. பிள்ளைகள் தெருவில் இறங்கினர். நான்காம் நாள், ஆகஸ்டு 17இல், அரசு பின்வாங்கி ஆசிரியர் தரங்களையே ஏற்றது. ஓர் ஆத்துமா இன்னோர் ஆத்துமாவின் சுமையைச் சுமக்காது என்பது நம் ஈமானின் பாலபாடம். அந்தச் சூத்திரத்தை எழுதியவர்கள் தீயவர்களல்லர். தரம் தாறுமாறாக உயர்ந்துவிடக் கூடாதே என்று அஞ்சியவர்கள். ஆயினும் ஒரு பிள்ளையையாவது எதிரே உட்கார வைத்து, "உன் பள்ளியில் முன்பு படித்தவர்கள் தோற்றார்கள், ஆகவே உனக்கு இந்தத் தரம்" என்று அவர்களில் ஒருவரும் நேரில் சொல்லியிருக்க மாட்டார்கள். நாக்கூசியிருக்கும். சூத்திரத்துக்கு நாக்கு இல்லை.

நம் ஊர்ப் பள்ளிகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2022 ஜூனில் நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கி வைக்கப்பட்ட 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் சின்னஞ்சிறார் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கப்பட்டு, ஒவ்வொருவரும் எந்த நிலையில் இருக்கிறார் என்பது கைபேசிச் செயலியில் பதியப்படுகிறது. பெயர்களே நெஞ்சைத் தொடுகின்றன. எந்தப் பிள்ளை பின்தங்குகிறது என்று உரிய காலத்தில் தெரிவது மிகப் பெரிய நன்மை. மூன்றாண்டுகள் ஒரு பிள்ளையைத் தவறாக எண்ணியிருந்த நான் இதை மறுக்க முடியாது. ஆனால் பதிவிடும் வேலையிலேயே பொழுது போய்விடுகிறது, பிள்ளையின் முகத்தைப் பார்ப்பது எப்போது என்று ஆசிரியச் சங்கங்கள் குறைப்பட்டதும் உண்மை. இரண்டையும் தெரிந்துகொண்டு மேலே செல்வோம்.

இந்த ஆண்டு ஷஃபானுக்கு முன்பாகவே நான் அந்தப் பையனைத் தனியே அழைத்தேன். இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசலில் விளக்குகள் பாதி அணைந்திருந்தன. தபாரகல்லதீ சூராவை ஓதச் சொன்னேன். முப்பது ஆயத்துகள். முதற் சொல்லிலேயே உதடு ஒட்டிக்கொண்டது. நான் பழைய வழக்கப்படி காத்திருக்கவில்லை, "அடுத்து?" என்று உறுக்கவுமில்லை. அவனோடு சேர்ந்து நானும் மெல்ல ஓதத் தொடங்கினேன். அவன் குரல் வந்தது. ஐந்தாறு ஆயத்துகள் சென்றபின் என் குரலைத் தாழ்த்தினேன். பத்தாவதைத் தாண்டியபோது வெறும் உதட்டசைவாக்கினேன். பதினைந்தாவதில் அதையும் நிறுத்திவிட்டேன். அவன் கவனிக்கவில்லை, ஓதிக்கொண்டே போனான். இரண்டு இடங்களில் திக்கினான். ஒரே ஒரு இடத்தில்தான் பிழை. அதுவும் 'மத்து' நீட்டலில்.

ரமலான்தோறும் ஜிப்ரீல் (அலை) அவர்களோடு நாயகம் (ஸல்) அவர்கள் குர்ஆனை ஓதிப் பார்த்து வந்தார்கள். இறுதி ஆண்டில் இருமுறை அவ்வாறு நடந்தது. அது பரீட்சையா, பாடமா, துணையா என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. அன்றிரவு மீண்டும் எண்ணினேன்.

மறுநாள் கணினி இளைஞர் வந்தார். சென்ற ஆண்டுப் பிழையைத் திருத்தி, ஒவ்வொரு பிள்ளையின் மத்ஹபையும் முதலில் கேட்டுக்கொள்ளும்படி செயலியை மாற்றியிருந்தார். 'தெரியாது' என்று ஐந்தாவது கட்டம் ஒன்றையும் நான் கேட்டபடி சேர்த்திருந்தார். நல்ல பிள்ளை. "அதற்கு எத்தனை மதிப்பெண் போடட்டும் ஹஜ்ரத்?" என்று கேட்டார். தவறான விடையை விட அதிகமாகவும் சரியான விடையை விடக் குறைவாகவும் போடச் சொன்னேன். அதை எண்ணாகச் சொல்லுங்கள் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

பிறகு கிராஅத்துக்கான கட்டத்தைக் காட்டி, அந்தப் பையனுக்கு எவ்வளவு என்று கேட்டார். முதற்பாதி என்னோடு சேர்ந்து ஓதியது, பிற்பாதி அவனாக ஓதியது. என்னோடு ஓதியதை அவன் ஓதலாகக் கொள்வதா? கொள்வதென்றால் மற்றப் பிள்ளைகளுக்கும் நான் அப்படித் துணை ஓதியிருக்க வேண்டாமா? கொள்ளாவிட்டால் பிற்பாதி எங்கிருந்து வந்தது? அந்தக் கட்டத்தில் இரண்டு இலக்கங்களுக்குத்தான் இடம் இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் கமிட்டி கூடுகிறது; அதற்குள் நான் ஓர் எண்ணைச் சொல்லியாக வேண்டும்.